ரிஃபாத் வாத்தியாரின் சுத்தமான ரத்தம்

அத்தியாயம் 14

"வீட்லேருந்து யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்று டாக்டர் சவ்சன் போனில் சொன்னதிலிருந்து ரிஃபாத் வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி நபீலாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. மகள் இனாஸிடம் மட்டும் சொன்னார்.

இனாஸ் தங்கள் ஊரான கஃப்ர் சலாமாவில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். காகிதத்தில் எழுதியிருப்பது அவளுக்குப் புரியும். இன்னொரு காரணமும் இருந்தது. அவள் ஏன், எதற்கு என்று கேட்க மாட்டாள். நான்கு வருடமாக அப்பாவிடம் அவள் எதையும் கேட்பதில்லை.

வியாழக்கிழமை காலை இருவரும் மன்சூரா நகர ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போன மாதம் வாத்தியாரின் வலது விலாவுக்குள் ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுத்திருந்தார்கள். ஆறு வருடமாக ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்றே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு டாக்டரும் கொழுப்பு என்றார்கள். வாத்தியாரும் நெய் ஒழுகும் ஃபதீர் ரொட்டியை விட்டார், சர்க்கரையைக் குறைத்தார். ஒன்றும் மாறவில்லை. சவ்சன்தான் ஊசி போட்டே பார்த்துவிடுவோம் என்றவர்.

அந்த டாக்டரம்மாவுக்கு இனாஸைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கதவைத் தானே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, நேராவே சொல்லிடறேன். உங்க ஈரல்ல வைரஸ் சி இருக்கு, ஹெபடைடிஸ் சி."

வாத்தியார் சிரித்தார். பர்ஸை எடுத்து, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சீட்டை மேஜையில் வைத்தார். ஊர் ஊராக எல்லோருக்கும் வைரஸ் சி பரிசோதனை செய்த வருடம் கொடுத்த சீட்டு அது.

"இல்லன்னு எழுதியிருக்கும்மா. பாருங்க."

"பாத்தேன். அந்தச் சீட்டு பொய் சொல்லல." டாக்டர் சீட்டைத் தொடாமல் பேசினார். "ரத்தத்துல ரெண்டு விதமா தேடுவோம். கிருமிய எதிர்த்து உடம்பு சண்டை போட்ட அடையாளம் இருக்கான்னு ஒண்ணு. ரத்தத்தோட தெளிஞ்ச நீர்ல கிருமியே இருக்கான்னு இன்னொண்ணு. உங்களுக்கு ரெண்டுமே இல்லன்னுதான் வருது. ஆனா ஈரல் துணுக்குல இருக்கு. வெள்ளை அணுக்களுக்கு உள்ளயும் இருக்கு. ரொம்பக் கொஞ்சமா, வெளிய தலை காட்டாம."

"மறைவான தொற்று" என்றாள் இனாஸ். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "படிச்சிருக்கேன் டாக்டர். ஆனா இத எல்லாரும் ஒத்துக்கறதில்லையே?"

"ஒத்துக்கறதில்ல. வெறும் எச்சம், ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றவங்க இருக்காங்க. பண்ணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான். ஆறு வருஷமா காரணமே தெரியாம உங்கப்பா ஈரல்ல தழும்பு விழுந்துக்கிட்டு வருது. எச்சம்னு சொல்லி அவர வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. மாத்திரை குடுக்கறதா, இல்ல கொஞ்ச நாள் கவனிக்கறதான்னு மத்த டாக்டர்களோட உக்காந்து பேசிட்டுச் சொல்றேன்."

"எனக்கு எப்படி வந்துச்சு?" என்றார் வாத்தியார்.

"சின்ன வயசுல, கால்வாய்த் தண்ணிப் புழுவுக்குன்னு பில்ஹார்சியா ஊசி போட்டீங்களா?"

போட்டார். கால்வாயில் நீந்திய எந்தப் பையன்தான் போடவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் வரிசை, மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்கும் தகரப் பாத்திரம், அதிலிருந்து எடுத்த ஒரே ஊசி. கையைச் சுருட்டிக்கொண்டு ஒருவன் நகர்வான், அடுத்தவன் கையை நீட்டுவான்.

"அதுவா இருக்கலாம். பல் டாக்டரா இருக்கலாம், சவரக் கத்தியா இருக்கலாம். இனிமே கண்டுபிடிக்க முடியாது. தட்டு, கிளாஸ், பக்கத்துல உக்கார்றது, இதுலல்லாம் ஒட்டாது. ரத்தத்துலதான். பிளேடு தனியா வச்சுக்குங்க, ரத்த தானம் வேண்டாம். இந்த மறைஞ்ச வகை எவ்வளவு தூரம் தொத்தும்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. அதனால மனைவியையும் பொண்ணையும் ஒரு தடவ பாத்துடலாம்."

வாத்தியார் சீட்டை எடுத்து மறுபடியும் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல சார்" என்றார் டாக்டர்.

பாவம், அந்த டாக்டரம்மாவுக்கு எதுவும் தெரியாது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை வாத்தியார் மட்டும்தான் பார்த்தார்.

*

திரும்பும்போது மைக்ரோபஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் யாரோ ஒரு கோதுமை மூட்டையை வைத்திருந்தார்கள்.

நான்கு வருடம் முன்பு இனாஸுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஷாக்கிர், உள்ளூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஊர் ஊராகச் செய்த அந்தப் பரிசோதனையில் அவனுக்கு வைரஸ் சி இருப்பதாக வந்தது. வேறொருவனாக இருந்தால் மூன்று மாதம் மாத்திரையைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். ஷாக்கிர் மறுநாளே வந்து வாத்தியார் முன்னால் நின்று, "மாமா, உங்களுக்குத் தெரியணும்" என்று சொன்னான்.

வாத்தியார் பத்து நாள் பேசாமல் இருந்தார். பிறகு மெத்வல்லியின் காப்பிக்கடைக்குப் போனார். நாற்பது பேர் இருந்தார்கள், அவனும் இருந்தான். தன் சீட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். முப்பத்தைந்து வருடம் அரபு இலக்கணம் நடத்திய குரலில், ஒரு சொல் பிசகாமல் சொன்னார்: "என் ரத்தம் சுத்தம். கெட்டுப்போன ரத்தத்த என் வீட்டுல கலக்க விடமாட்டேன்."

ஷாக்கிர் அன்று பதில் சொல்லவில்லை. எழுந்து போனான். நிச்சயத் தங்கம் மறுநாள் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. மாத்திரை முடிந்து அவனுக்குக் குணமானது. அதை இனாஸ் வந்து சொன்னபோது வாத்தியார், "சொன்னது சொன்னதுதான்" என்றார். அவள் கேள்வி கேட்பதை நிறுத்தியது அன்றுதான்.

"இனாஸ்" என்றார், மூட்டைக்கு மேலாக. "இது நமக்குள்ள இருக்கட்டும். ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவனும் அப்படி நினைச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காதுப்பா."



*

நபீலா சமையலறைத் தரையில் உட்கார்ந்து மூலூக்கியா கீரையை அரிந்துகொண்டிருந்தாள். இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தி பலகையில் இடமும் வலமுமாக ஆடியது.

"எங்க போனீங்க ரெண்டு பேரும், சொல்லாம கொள்ளாம?"

இனாஸ்தான் சொன்னாள். முக்காட்டைக்கூடக் கழற்றாமல், வாசல்படியில் நின்றபடி, டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். வாத்தியார் அவளுக்குப் பின்னால் நின்று, தன் பெயர் வாசிக்கப்படும் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நபீலா கத்தியை நிறுத்தவில்லை. கீரை ஏற்கெனவே கூழாகியிருந்தது.

"சனிக்கிழமை நீயும் ரத்தம் குடுக்கணும்மா. நானும் குடுக்கறேன்."

"எனக்கு வேணாம்."

"வலிக்காதும்மா. ஒரு ஊசிதான்."

"எனக்குப் பாத்தாச்சு."

"எப்போ?"

கத்தி நின்றது.

"எல்லாருக்கும் பாத்தாங்களே, அப்போ. எனக்கு இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டேன். சரியாப் போச்சு."

இனாஸ் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"உனக்கு இல்லன்னுதானே சொன்னே" என்றார் வாத்தியார்.

"நீங்க கேட்டீங்களா? உங்க சீட்டக் கொண்டுவந்து காட்டினீங்க. 'நம்ம வீடு சுத்தம், இனாஸ் அம்மா'ன்னீங்க. நான் சரின்னேன்."

"மாத்திரை?"

"தல்கா ஊர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு மாசம் ஒரு தடவ போவேன்ல. அங்க ஆஸ்பத்திரியில வாங்கிக்கிட்டு வருவேன். துணி கிளிப் போட்டு வைக்கிற பையில வச்சிருந்தேன். அந்தப் பையில நீங்க ரெண்டு பேரும் கை விட மாட்டீங்க."

வாத்தியார் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவி மேல் கோபப்பட ஒரு வழி தேடினார். கிடைக்கவில்லை. மூன்று மாதம், தினம் ஒரு வேளை, இந்த வீட்டில் ஒருத்தி ஒளிந்து நின்று மாத்திரை விழுங்கியிருக்கிறாள். யாருக்கு பயந்து ஒளிந்தாள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் நபீலா. இப்போது அவள் மகளைப் பார்க்கவில்லை. கத்தியில் ஒட்டிய கீரையை விரலால் வழித்தாள். "மொத தடவ மாத்திரை வாங்கப் போனப்போ, பெஞ்சுல ஷாக்கிர் உக்காந்திருந்தான். என்னப் பாத்துட்டான். எந்திரிச்சு, 'அத்தை, இப்படி உக்காருங்க'ன்னு இடம் குடுத்தான். நான் அழுதுட்டேன். 'யார்கிட்டயும் சொல்லிடாதப்பா'ன்னேன். 'நான் இங்க உங்களப் பாக்கவே இல்லையே அத்தை'ன்னான்."

"அது எப்போம்மா?"

"ஞாயித்துக்கிழமை. அந்த வியாழக்கிழமைதான் உங்கப்பா காப்பிக்கடைக்குப் போனாரு."

அடுப்பில் கோழி ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று நாற்பது பேர் முன்னால், 'மொதல்ல உங்க வீட்டுல பாருங்க மாமா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாத்தியார் அந்த இடத்திலேயே செத்திருப்பார். அது அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் எழுந்து போயிருக்கிறான்.

"அவன் சொல்லல. சரி" என்றாள் இனாஸ். "நீ? அப்பா கத்திட்டு வீட்டுக்கு வந்தாரே, நான் அந்த ரூம்ல கிடந்தேனே, அப்ப நீ என் தலைய தடவிக்கிட்டு உக்காந்திருந்தியே. அப்பக்கூட ஏம்மா சொல்லல?"

"பயந்துட்டேன்டி. அவன அப்படிச் சொன்னாரே, என்னப் பத்தி என்ன சொல்வாரோன்னு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாயிடுச்சு."

"என் நாலு வருஷத்தையும் அந்தக் கிளிப் பையிலயே போட்டு வச்சுட்டே."

இனாஸ் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நபீலா அரிந்த கீரையை ரசத்தில் போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் செருப்பைத் தேடி மாட்டினார்.

*

பிற்பகல், அஸர் தொழுகை முடிந்த நேரம். ஷாக்கிர் கடையில் தனியாக இருந்தான். திறந்து போட்ட ஒரு போனின் வயிற்றுக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்ததும் கண்ணாடியை இறக்கினான்.

"வாங்க வாத்தியாரே. போன் எதாச்சும் பழுதா?"

முன்பெல்லாம் மாமா என்பான்.

வாத்தியார் நின்றபடியே சொன்னார். தன் ஈரலில் இருப்பதைச் சொன்னார். நபீலா சொன்னதையும் சொன்னார். "உன் வாயால என்ன நாற வச்சிருக்கலாம். நீ செய்யல. உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

ஷாக்கிர் கையில் இருந்த சின்னத் திருப்புளியை மேஜையில் வைத்தான். வலது கை மோதிர விரலில் புது வெள்ளி மோதிரம் இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"போன வாரம் நிச்சயமாச்சு. சகாஸீக் ஊர்ப் பொண்ணு. ஊர்ல இன்னும் சொல்லல."

"நல்லா இரு."

"அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா."

"அது போதும்." அவன் கொஞ்சம் யோசித்தான். "வாத்தியாரே, நீங்க என்கிட்ட எதுக்கு இதச் சொல்றீங்க? என் ரத்தம் கெட்டதுன்னு அன்னிக்கு என்கிட்டயா சொன்னீங்க? எங்கம்மா இன்னிவரைக்கும் அந்தக் காப்பிக்கடை வழியாப் போறதில்ல. அடுத்த தெரு சுத்தித்தான் ரொட்டி வாங்கப் போறாங்க. இங்க கதவுக்குள்ள நின்னு மெதுவாச் சொன்னா அது எனக்கு மட்டும்தான் கேக்கும்."

அவன் குரலில் சூடு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாத்தியார் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

காப்பிக்கடை எதிர்ச்சாரியில், முப்பது அடி தூரம். அதைக் கடக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. ஒரு டுக்டுக் ஆட்டோ ஹாரன் அடித்து விலகிப் போனது.

உள்ளே பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். டோமினோ கட்டைகள் மேஜையில் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. "வாங்க வாத்தியாரே" என்று இரண்டு மூன்று பேர் நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் உட்காரவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்."

டோமினோ ஓய்ந்தது.

"நாலு வருஷம் முன்னாடி இங்க நின்னு... ஷாக்கிரோட ரத்தம்... நான் சொன்னேன்ல." இலக்கண வாத்தியாருக்கு வாக்கியம் சேரவில்லை. "அவனுக்கு அப்பவே குணமாயிடுச்சு. எனக்குத்தான் இருக்கு. அதே வைரஸ். ரத்தத்துல தெரியாம ஈரலுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. இன்னிக்குக் காலையில டாக்டர் சொன்னாங்க. அன்னிக்கே இருந்திருக்கும். நான் சொன்னது தப்பு. அவன் அம்மா காதுக்குப் போகட்டும்."

"அந்தச் சீட்டு, வாத்தியாரே?" என்றான் மூலையில் ஒருவன். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறானா என்று தெரியவில்லை.

"சீட்டு சரிதான். சீட்டுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. "ஆண்டவன் குணமாக்குவான்" என்று ஒருவர் தரையைப் பார்த்துச் சொன்னார். நாற்காலியை நகர்த்திய கை அதை மெல்லப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டது. வாத்தியார் உட்கார்ந்தார், அவருக்கு என்று யாரும் தராத ஒரு நாற்காலியில், தனி மேஜையில்.

மெத்வல்லி டீ கொண்டுவந்து வைத்தார். எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். வாத்தியாருக்குக் காகிதக் கப்.

மெத்வல்லி நல்ல மனிதர். வைக்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது. கிளாஸில் ஒட்டாது என்று வாத்தியார் சொல்லியிருக்கலாம். காலையில்தான் டாக்டர் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும் தகுதி தனக்கு உண்டா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. காகிதத்தின் வாசம் கலந்த அந்த டீயை, நாக்கு சுட்டாலும் நிறுத்தாமல், கடைசி வரை குடித்தார்.

வெளியே வந்து கால்வாய் ஓரமாக நடந்தபோது பின்னால் காலடி கேட்டது. ஃபரக். ஒரே வகுப்பில் படித்தவர், ஊசி வரிசையில் எப்போதும் அவருக்கு முன்னால் நின்றவர். கடையில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர்.

"ரிஃபாத், நில்லு." ஃபரக் மூச்சு வாங்கினார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "எனக்கும் சீட்டுல இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா ரெண்டு வருஷமா ஈரல் சரியில்லன்னு சொல்றாங்க. ஏன்னு யாருக்கும் தெரியல. அந்த டாக்டரம்மா பேரு என்ன?"

வாத்தியார் பெயரைச் சொன்னார். அதே வரிசையில் நின்றதால் அதுவாகத்தான் இருக்கும் என்றில்லை, போய்ப் பார்த்துவிடு என்றும் சொன்னார்.

"என் பையனுக்குத் தெரிய வேணாம்" என்றார் ஃபரக். "அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்."

காலையில் மைக்ரோபஸ்ஸில் தான் சொன்னதை வேறொருவர் வாயில் கேட்டதும் வாத்தியாருக்கு உடம்பு கூசியது. இந்த பயத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார்களில் தானும் ஒருவர். "சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நீ சொல்லு, ஃபரக். நாள் தள்ளாத."

*

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. நபீலா மேஜையில் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அழுது முடித்த முகம். அவர் எங்கே போனார், என்ன சொன்னார் என்பது அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"என் பேரச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தாலும் பரவால்லன்னு இப்பத் தோணுது."

அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. "நீ அந்த மாத்திரைய எத்தன மணிக்குச் சாப்பிடுவே?" என்றுதான் கேட்க வந்தது.

"விடியக்காலையில நீங்க ஃபஜ்ர் தொழுகைக்குப் போனதும். கதவு சாத்தற சத்தம் கேட்டப்புறம்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நபீலா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. ரொட்டியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சற்றுப் பொறுத்து அவர் நிமிர்ந்து பார்த்தார். இனாஸின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"எங்க அவ?"

"இப்பத்தான் போனா. முகம் கழுவி, அந்தப் பச்ச முக்காடு போட்டுக்கிட்டு."

"எங்கேன்னு கேக்கறேன்."

"ஷாக்கிர் கடைக்கு. 'உன்ன அங்க பாத்தத நாலு வருஷமா அவன் ஏன் என்கிட்டகூடச் சொல்லல, அத அவன் வாயாலயே கேக்கணும்'னு சொன்னா." நபீலா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "பல நாளைக்கப்புறம் அவ முகத்துல ஒரு தெளிவு இருந்துச்சுங்க. நான் தடுக்கல. தடுத்திருக்கணுமா?"

வாத்தியார் எழுந்து செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தார். மகள் இந்நேரம் கடைவீதி முனையைத் தாண்டியிருப்பாள். ஷாக்கிரின் விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தைப் பற்றி, அவன் வீட்டாருக்கு வெளியே ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்; அவளுக்குத் தெரியாது.